பட்டம் வேலை தருமா? – புதுவையிலிருந்து சில எண்ணங்கள்

கடந்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடியிருந்தது. நாவல் ஒன்றைப் பற்றிய பேச்சு சூடு பிடித்திருந்த வேளையில், தெருமுனையில் இட்லிக் கடை நடத்தும் அக்கா சுண்டல் கொண்டுவந்தார். பாத்திரத்தை இறக்கிவைத்த பின்னும் அவர் கிளம்பவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியையான எங்கள் மூத்த உறுப்பினரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"டீச்சரம்மா, பொண்ணு பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டா. காலேஜுல சேரணுங்கறா. நேரு வீதியில ஒரு துணிக்கடையில வேலைக்குக் கூப்புடறாங்க, மாசம் பத்தாயிரம் தர்றாங்களாம். மூணு வருசம் படிச்சிட்டு வந்தாலும் இதே கடைக்குத்தானே போவணும்னு அவங்க அப்பா சொல்றாரு. நீங்கல்லாம் படிச்சவங்க. என்ன பண்ணலாம், சொல்லுங்க."

மாடியில் ஒன்பது பேர் இருந்தோம். ஒன்பதின்மரும் பட்டதாரிகள், இருவர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஒருவரும் உடனே வாய் திறக்கவில்லை. நாவல் அன்று அப்படியே நின்றுபோனது. அன்றிரவு வரை நாங்கள் பேசியதையும், அதற்குப் பிறகு தனித்தனியே எண்ணிப் பார்த்ததையும் தொகுத்தே இதை எழுதுகிறோம்.

*

படிப்புச் சான்றிதழுக்கும் பிழைப்புக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச, புதுவையைப் போலப் பொருத்தமான ஊர் வேறொன்று தென்னாட்டில் இருக்குமா என்பது ஐயமே. இந்த ஊரின் குடும்பங்கள் பலவற்றின் ஏற்றத்தாழ்வை ஒரு தாளை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்தில் அந்தத் தாள் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக விளங்கிய அவருக்கு மொழியறிவும் வணிக அனுபவமும் குடும்பச் செல்வாக்குமே தகுதிகளாக இருந்தன. அதற்கு அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. பிரெஞ்சு அரசு பள்ளிகளைத் திறந்தது. 1838இல் சட்டப் பள்ளியும் இங்கே தொடங்கியது. கலவை சுப்பராய செட்டியாரின் கொடையால் 1877இல் எழுந்த கல்வே கல்லூரிக் கட்டடத்தை மிஷன் வீதியில் இன்றும் காணலாம். 'பிரெவே' என்ற தேர்வில் தேறியவருக்குக் குமாஸ்தா வேலையோ ஆசிரியர் வேலையோ காத்திருந்தது. தமிழ்ப் புலமைத் தேர்வில் தேறிய கனக. சுப்புரத்தினம் என்ற இளைஞர் 1909இல் அரசுப் பள்ளித் தமிழாசிரியரானார். 1946இல் ஓய்வு பெறும்வரை அந்தச் சம்பளம் நின்றதில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பணிதான் அவரது குடும்பத்துக்குப் பிடிமானமாக இருந்தது. உலகம் அவரைப் பாரதிதாசன் என்று அறியும்.

உள்ளூரை விடவும் பெரிய கதவு கடலுக்கு அப்பால் திறந்திருந்தது. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு பிறப்பித்த ஆணையின்படி, சொந்தச் சமய, சாதிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டார்கள். சாதியமைப்பில் கீழே வைக்கப்பட்டிருந்தவர்களும் கிறித்தவர்களும் இவர்களுள் மிகுதி. இவர்களில் பலர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். காவல், சுங்கம், அஞ்சல் எனப் பல துறைகளில் பணிபுரிந்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த வீடுகளில் சில இன்றும் இந்நகரில் நிற்கின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரெவே சான்றிதழுக்குத் தன்னளவில் எந்த மந்திர சக்தியும் கிடையாது. ஒரு பேரரசு இந்தோசீனாவில் பணியிடங்களை உண்டாக்கி, அவற்றை நிரப்ப ஆள் தேடியது. அதனால் அந்தத் தாள் செல்லுபடியானது. 1954ஆம் ஆண்டு மே மாதம் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுவையின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சைகோன் கதவும் புதுவைக் கதவும் ஒரே ஆண்டில் சாத்தப்பட்டன. முந்தைய நாள்வரை மதிப்போடு இருந்த சான்றிதழ் அலமாரிக்குள் போனது. படித்தவர் அறிவு ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. அந்த அறிவுக்குச் சம்பளம் கொடுத்தவர்தாம் கிளம்பிவிட்டார்.

*

இந்திய ஆட்சியின்கீழ் ஒன்றியப் பகுதி நிர்வாகம் அமைந்தபோது புதிய கதவு திறந்தது. அரசுத் துறைகள் பெருகின. அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. 1961இல் தாகூர் கலைக் கல்லூரி தொடங்கியது. அங்கே முதலில் படித்தவர்களின் தலைமுறைக்குப் பட்டம் என்பது ஏறத்தாழப் பணி நியமன ஆணையின் முன்னோட்டம். எங்கள் வட்டத்தின் மூத்த ஆசிரியை அந்தக் காலத்தை ஒட்டியவர். "தேர்வு முடிவு வந்த கோடையிலேயே வேலைக்குப் போனேன், காத்திருந்ததாக நினைவே இல்லை" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியம் எங்களுள் இளையவர்களை மௌனமாக்கியது.

அதன்பிறகு கல்லூரிகள் பெருகின. 1980களில் அரசுப் பொறியியல் கல்லூரியும், 1985இல் மத்தியப் பல்கலைக்கழகமும் வந்தன. தொடர்ந்து தனியார் கல்லூரிகள். இன்று புதுவையில் கல்லூரியில் சேர்வது அரிய செயலே அல்ல. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதினரை வைத்துக் கணக்கிடும் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் புதுவையில் 61.5; நாட்டின் சராசரியோ 28.4 மட்டுமே. வெளிமாநிலங்களிலிருந்து இங்கு வந்து பயில்வோரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள் என்பதை மறக்கலாகாது. எனினும் நாட்டிலேயே மிக முன்னணியில் உள்ள பகுதிகளுள் ஒன்று நம்முடையது என்பதில் ஐயமில்லை. பெருமைப்பட வேண்டிய செய்திதான். இட்லிக் கடை அக்காவின் கேள்வி பிறந்ததும் இந்தப் பெருமையிலிருந்தே.

வில்லியனூர்த் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு ஆளுநர் காலத்திலிருந்து இன்றைய துணைநிலை ஆளுநர் வரை வடம் பிடிக்கும் திருவிழா அது. வீதியில் கூட்டம் நெரியும்போது, முன்வரிசையில் ஒருவர் கால்விரல்களை ஊன்றி எக்கி நின்றால் அவருக்குத் தேர் நன்றாகத் தெரியும். அவருக்குப் பின்னால் நிற்பவரும் எக்குகிறார். அவருக்குப் பின்னால் இருப்பவரும் எக்குகிறார். சிறிது நேரத்தில் வீதி முழுவதும் எக்கி நிற்கிறது. யாருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரிவதில்லை. எல்லோருக்கும் கால் வலிக்கிறது. ஆனாலும், இதெல்லாம் வீண் என்று குதிகாலைத் தரையில் ஊன்றியவருக்குத் தேரின் கலசம்கூடத் தெரியாது.

பட்டத்தின் நிலை இன்று இதுதான் என்பது எங்கள் கருத்து. அது யாரையும் உயர்த்திக் காட்டுவதில்லை, இல்லாதவரை மறைத்துவிடுகிறது.

அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் இதைக் கண்கூடாகக் கண்டோம். 2022ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதுமான தகுதி. அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அதற்கு முன்பு 2019இல், சட்டப்பேரவைச் செயலகத்தில் பெருக்குபவர், துப்புரவுப் பணியாளர் ஆகிய 14 இடங்களுக்கு 4,607 பேர் விண்ணப்பித்ததும், அவர்களுள் பொறியியல் பட்டதாரிகளும் மேலாண்மைப் பட்டதாரிகளும் இருந்ததும் செய்தியாயிற்று. நாளேடுகள் அதை வேடிக்கைச் செய்தியைப் போல வெளியிட்டன. துப்புரவுப் பணி தாழ்வானது என்ற எண்ணம் அந்த வேடிக்கைக்குள் ஒளிந்திருந்தது. விண்ணப்பித்தவர்கள் தேடியது எதை? மாதந்தோறும் தவறாத சம்பளம், நோயுற்றால் விடுப்பு, காரணமின்றி வெளியே அனுப்ப இயலாத பாதுகாப்பு. இவை மூன்றும் கிடைக்கும் இடங்கள் எவ்வளவு சுருங்கிவிட்டன என்பதுதான் அந்தச் செய்தியின் உட்பொருள்.

*

புதுவையில் அவை எங்கே சுருங்கின என்று கேட்டால், கடலூர்ச் சாலைப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுவோம்.

ஒருகாலத்தில் இந்நகரின் காலைப்பொழுது ஆலைச் சங்கொலியில் விடிந்தது. மக்கள் வழக்கில் சவானா ஆலை, ரோடியர் ஆலை, கப்ளே ஆலை என்ற மூன்று பஞ்சாலைகள். பிற்காலத்தில் அவை சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்ற பெயர்களைப் பெற்றன. அந்த ஆலைகளுக்குள் நல்ல வாழ்வு தானாக வந்துவிடவில்லை. 1936 ஜூலை 30ஆம் நாள் பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அவ்வாறு பெறப்பட்ட உரிமைகளின் மேல், எழுதப் படிக்க மட்டுமே தெரிந்த ஆயிரக்கணக்கான மனிதர்கள் நிலையான குடும்பங்களைக் கட்டியெழுப்பினார்கள். வருங்கால வைப்பு நிதி, போனஸ், தீபாவளிக்குத் துணி. "மில் வேலை" என்று சொன்னால் பெண் கொடுத்தார்கள். எங்கள் வட்டத்தில் இருவரைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்த ஆலைச் சம்பளமே.

ஏ.எஃப்.டி. ஆலை 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் சேதமுற்றுத் தள்ளாடி, 2020இல் முறைப்படி மூடப்பட்டது. மற்றவையும் ஓய்ந்தன. பட்டம் இல்லாதவருக்கும் மரியாதையான வாழ்வு அளித்த கதவு அவற்றோடு சாத்தப்பட்டது.

பட்டம் மதிப்பிழந்துவிட்டது என்று புலம்பும்போது இந்த மறுபக்கத்தை நாம் பார்ப்பதில்லை. பட்டத்துக்கு வெளியே இருந்த நல்ல வேலைகள் மறைந்ததால், எல்லோரும் பட்டத்தை நோக்கி ஓட நேர்ந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த அக்காவின் கணவர் ஆலைக்குப் போயிருப்பார். மகளைப் பற்றிய கேள்வி இத்தனை கனமாக இருந்திருக்காது. இன்று அவர் பகலில் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மகளுக்கு முன்னால் கல்லூரியும் துணிக்கடையும் மட்டுமே இருக்கின்றன.

சுற்றுலா இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். வார இறுதிகளில் கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. விடுதிகளும் உணவகங்களும் ஆளெடுத்துக்கொண்டே இருக்கின்றன. அங்கே பட்டத்தைக் கேட்பதில்லை. ஆங்கிலம் பேசத் தெரியுமா என்று கேட்கிறார்கள், பிரெஞ்சு தெரிந்தால் இன்னும் நல்லது. துபாஷி காலத்துத் தகுதி திரும்பி வந்திருக்கிறது எனலாம். ஆயினும் பல இடங்களில் சம்பளம் கூட்டத்தைப் பொறுத்தது. கூட்டம் பருவத்தைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அந்த வேலைகளின் ஆயுள் எவ்வளவு என்பதை அனைவரும் பார்த்தோம்.

*

இந்தப் பேச்சின் நடுவே, எங்களுள் ஒருவர் கி. ராஜநாராயணனின் பெயரைச் சொன்னார். இலக்கியம் பேசுகிறவர்கள் கூடிய இடத்தில் அது வராமல் இருந்தால்தான் வியப்பு. உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கரிசல் காட்டு விவசாயி, 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக அழைக்கப்பட்டார். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர், முனைவர் பட்ட மாணவர்களுக்கு நாட்டார் கதைகளைத் திரட்டக் கற்றுக்கொடுத்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 மே மாதம் மறையும்வரை இந்நகரிலேயே வாழ்ந்தார். "பிறகென்ன? அறிவுக்கும் பட்டத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி" என்றார் நண்பர்.

அறிவுக்கும் பட்டத்துக்கும் தொடர்பில்லை என்பதை ஏற்கிறோம். வேலைக்கும் பட்டத்துக்கும் தொடர்பில்லை என்பதை எங்களால் ஏற்க இயலவில்லை. கி.ரா. அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. அவருக்குப் பின்னால் கதைகளும், 'கோபல்ல கிராமம்' நாவலும், வட்டார வழக்குச் சொல்லகராதியும் இருந்தன. பட்டத்துக்குப் பதிலாக அவர் ஒரு வாழ்நாளைக் காட்டினார். அதைக் கண்டுகொள்ளும் மனமும், விதியைத் தளர்த்தும் அதிகாரமும் கொண்டவர் ஒருவர் அன்று துணைவேந்தராக இருந்தார். இருபத்தொரு வயதில் ஒரு பெண் காட்டுவதற்கு என்ன வைத்திருப்பாள்? அப்பாவின் நண்பர் நிறுவனத்தின் மேலாளராக இருந்தால், "நம்ம பொண்ணுதான்" என்ற சொல் போதும். அப்படியான அப்பா இல்லாதவளுக்குச் சாட்சி சொல்ல அந்தத் தாளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

பட்டம் தேவையில்லை, திறமை போதும் என்று மேடையில் முழங்குவோரைக் கவனியுங்கள். பெரும்பாலோர் பட்டதாரிகள், தம் பிள்ளைகளை நல்ல கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்து பேசுபவர்கள். அந்த அறிவுரை எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கே வழங்கப்படுகிறது.

*

சரி, புள்ளிவிவரங்கள் என்ன சொல்கின்றன? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து வெளியிட்ட 'இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை 2024' கூறுவது இது: 2022ஆம் ஆண்டில் இந்திய இளைஞர்களுள் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 விழுக்காடு.

இதைப் படித்தவுடன், படிக்காமலிருந்தால் வேலை நிச்சயம் என்று தோன்றும். அக்காவின் கணவருக்குத் தோன்றியதும் இதுதான். ஆனால் வேலையில்லாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும். இன்று கொத்து வேலைக்குப் போகாவிட்டால் இரவு அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவர் வேலை தேடிக் காத்திருப்பதில்லை. கிடைத்ததைச் செய்கிறார், கணக்கில் அவர் வேலையுள்ளவர். பட்டதாரியோ கொஞ்சம் காத்திருக்க முடிகிற வீட்டில் இருக்கிறார். தகுதிக்கேற்ற ஒன்றுக்காக நிற்கிறார். கணக்கு அவரை வேலையற்றவர் என்கிறது. ஆகவே இவ்வெண்களைக் கொண்டு படிப்பே வேலையைக் கெடுத்தது என்று முடிவுகட்டுவது பிழை. வேலையில் இருப்போரின் சராசரி ஊதியத்தை எடுத்துக்கொண்டால், பட்டதாரிகள் இன்றும் மற்றவர்களுக்கு மேலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கு எங்களை அதிகம் உறுத்தியது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளிடையே வேலையின்மை 42 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வயது ஏற ஏற அது குறைகிறது. 35 வயதைக் கடந்தவர்களிடம் 5 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிடுகிறது. அப்படியானால் கடைசியில் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடுகிறதா? கிடைத்ததா, அல்லது கிடைத்ததைப் போதும் என்று ஏற்றுக்கொண்டார்களா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

அந்த இடைப்பட்ட பத்தாண்டுகளை நாங்கள் அறிவோம். பொது நூலகங்களுக்குப் போகிறவர்கள் அனைவரும் அறிவார்கள். 1827இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய நம் நூலகத்துக்கு நாவல் எடுக்கப் போனால், மேசைகளில் இலக்கிய வாசகர்களைக் காண்பது அரிது. போட்டித் தேர்வு வழிகாட்டிகளை விரித்துவைத்துக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலும் மதிய உணவுப் பொட்டலமுமாகக் காலையிலேயே இடம்பிடித்த இளைஞர்களே தென்படுவார்கள். முதலில் அவர்களைக் கண்டு எரிச்சலுற்றவர்கள் எங்களிலும் உண்டு. பிறகுதான் ஒரே முகங்களை ஆண்டுக்கணக்காகப் பார்க்கிறோம் என்பது உறைத்தது. அவர்களுள் ஒருவர் எம்.எஸ்ஸி. முடித்தவர். மாலையில் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் வேலை செய்கிறார். இன்னொரு பெண் பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் சேர்ந்தார். அவர் வாங்கும் மாதச் சம்பளம், அந்தப் பள்ளியின் சுவரைப் பூசிய கொத்தனார் பாதி மாதத்தில் ஈட்டுவது. வயது வரம்பு கடக்குமுன் ஒரு தேர்வில் தேறிவிட வேண்டும் என்பதே இவர்களது ஒரே கணக்கு.

பொறியியல் பட்டதாரிகளின் நிலை வேறு என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் புதியவர்களுக்கான ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இதற்குள் வீட்டு வாடகையும் கல்விக் கட்டணமும் எங்கோ போய்விட்டன. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, புதியவர்களுக்கென ஒதுக்கப்பட்ட எளிய வேலைகளையே முதலில் எடுத்துக்கொள்கிறது. கடன் வாங்கிப் பொறியியல் படிக்கவைத்த பெற்றோரின் கவலை, கலைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோரின் கவலையைவிடப் பெரிதாகிவிட்டது.

ஆகவே, பட்டம் வேலை தருமா என்ற கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க விரும்புகிறோம். பட்டத்துக்கும் வேலைக்கும் இடையில் உள்ள காத்திருப்புக் காலத்துக்குச் சோறு போடுவது யார்? ஐந்தாண்டு காத்திருக்க முடிகிற வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் பெரும்பாலும் உதவியே செய்கிறது. ஐந்து மாதம்கூடக் காத்திருக்க முடியாத வீட்டுப் பிள்ளை, அதே பட்டத்தோடு துணிக்கடைக்கே போகிறது. இரண்டு தாள்களிலும் ஒரே பல்கலைக்கழக முத்திரைதான்.

*

எங்கள் வரையில் சில முடிவுகளுக்கு வந்தோம்.

முதலாவது, கல்லூரிகள் நேர்மையாகப் பேச வேண்டும். சேர்க்கைக் காலத்தில் வீதிதோறும் வைக்கப்படும் பதாகைகளில் வேலை பெற்ற பத்து மாணவர்களின் முகங்கள் சிரிக்கின்றன. எஞ்சியோர் எங்கே? மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்களுள் எத்தனை பேர் என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்பதைத் துறைவாரியாக அறிவித்த பிறகே கட்டணம் வாங்க வேண்டும் என்று விதி செய்தால் என்ன? காய்கறி வாங்கும்போதுகூடப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம்.

இரண்டாவது, அரசு தன் காலியிடங்களை ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் அறிவித்து நிரப்ப வேண்டும். புதுவைக்கெனத் தனித் தேர்வாணையம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. ஆணையம் வருகிறதோ இல்லையோ, ஒரு கால அட்டவணையாவது வேண்டும். எப்போது தேர்வு என்று தெரியாமல் காத்திருப்பவர் வேறு எதையும் தொடங்க முடிவதில்லை. தெரிந்தால், இரண்டு முறை முயன்றுவிட்டு வேறு வழி பார்ப்பார்.

மூன்றாவது, படிக்கும்போதே கை பழகும் வாய்ப்பு. கூலியோடு கூடிய தொழிற்பயிற்சி இல்லாமல் பட்டம் மட்டும் தருவது, முதல் தலைமுறை மாணவரைக் கரையில் நிறுத்தி நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் சம்பளமில்லாப் பயிற்சிக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வருகிறார்கள். மற்றவர்களுக்குப் பேருந்துக் கட்டணமே தடை.

இவையெல்லாம் எழுத எளிது. அக்காவுக்கு அன்றே பதில் சொல்ல வேண்டியிருந்ததே?

மகளை அழைத்துவரச் சொன்னோம். மெலிந்த, கூர்மையான பார்வையுடைய பெண். என்ன படிக்க விருப்பம் என்று கேட்டபோது, வரலாறு என்றாள். பாடப்புத்தகத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றி வந்ததாம். தான் தினமும் நடக்கும் தெருவில் இத்தனை நடந்திருக்கிறதா என்று வியப்பாக இருந்ததாம். எங்களுள் ஐவர், உடனே, ஒரே குரலில், "பி.காம். எடும்மா" என்றோம்.

சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது. கலையும் வரலாறும் இலக்கியமும் மனிதரை மனிதராக்கும் என்று மாதந்தோறும் பேசுகிறவர்கள் நாங்கள். இட்லிக் கடைப் பெண் வரலாற்றைக் கேட்டவுடன் எங்கள் வாயில் வணிகவியல் வந்துவிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? அதே நேரத்தில், அந்த ஐவர் சொன்னதைத் தவறென்று தள்ளவும் முடியவில்லை. அவள் வீட்டின் காத்திருக்கும் சக்தி எவ்வளவு என்பதை அறிந்தே சொன்னோம்.

இறுதியில் ஆசிரியை பேசினார். அரசுக் கல்லூரியிலேயே சேர வேண்டும், கடன் வாங்கலாகாது, எந்தப் பாடமானாலும் ஆங்கிலத்தையும் கணினியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், மாலையில் தட்டச்சு 'லோயர்', 'ஹையர்' முடிக்க வேண்டும், முடிந்தால் பிரெஞ்சு. பாடத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். அவள் வரலாற்றைத் தேர்ந்தெடுத்தாள். கல்லூரியிலும் இடம் கிடைத்தது. சனி, ஞாயிறுகளில் அதே துணிக்கடைக்குப் பகுதிநேர வேலைக்குப் போகிறாள்.

சேர்க்கை முடிந்த நாளில் அக்கா எங்களுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். போகும்போது படிக்கட்டில் திரும்பி நின்று, "படிச்சு முடிச்சிட்டு வந்து நின்னா, அப்ப நீங்க பதில் சொல்லணும் டீச்சரம்மா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான். நாங்களும் சிரித்தோம்.

அந்தப் பதிலைத் தயார் செய்ய மூன்றாண்டுகள் இருக்கின்றன. அதை அந்தப் பெண் ஒருத்தியின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டால், அன்று மாடியில் இருந்த ஒன்பது பட்டங்களும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது மிகக் குறைவு என்றே பொருள்.